ஒப்பந்தமும் தொழில் மறையும்

இன்று செம்பனை சூழ்ந்து நிற்கும் ஜொகூர்த் தோட்டங்கள் பலவற்றில் முன்பு ஓங்கி நின்றவை ரப்பர் மரங்கள். அம்மரங்களின் மூதாதை விதைகளை 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பார் ஏறத்தாழ 70,000 அளவில் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஆயினும் ரப்பர் உடனே தொழிலாகிவிடவில்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் கெடாமல் பால் வெட்டும் முறையைப் பல்லாண்டு ஆராய்ந்து கண்டார். அதன் பின்னரே தொழில் தழைத்தது. பொருள் கைக்கு வருவது வேறு. அதனை ஆளும் நுட்பம் கைவருவது வேறு.

இவ்வுண்மையை இந்திய விண்வெளித் தொழிலின் வரலாற்றிலும் காண்கிறோம். அங்கு இரண்டு ஒப்பந்தங்கள் நம் சிந்தனைக்குரியவை.

முதலாவது, 1974இல் பிரெஞ்சு ராக்கெட் எஞ்சின் நிறுவனமொன்றுடன் செய்யப்பட்டது. வைக்கிங் எஞ்சினின் நுட்பத்திற்கு இந்தியா கொடுத்த முதன்மையான விலை பணமன்று. 100 ஆள்-ஆண்டு உழைப்பு. அஃதாவது, நூறு பொறியாளர் ஓராண்டு பாடுபடுவதற்கு ஈடான பணி. நாகர்கோவிலில் பள்ளிக் கல்வி கற்று, மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் பயின்ற நம்பி நாராயணன் தலைமையில் நம் பொறியாளர் அங்குச் சென்று உடனிருந்து உழைத்தனர், உழைத்தவாறே கற்றனர். அக்கல்வியின் பயனே ‘விகாஸ்’ எஞ்சின். 1985இல் அது பிரான்சிலேயே சோதிக்கப்பெற்று வெற்றி கண்டது.

இரண்டாவது, 1991 ஜனவரியில் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாசுடன் செய்யப்பட்டது. 253 பாகைக் கடுங்குளிரில் நீர்மமாகும் ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சின்களையும், அவற்றைச் செய்யும் நுட்பத்தையும் தருவதாக உடன்பாடு. ஏவுகணைப் பரவலைக் காரணம் காட்டி, 1992 மே மாதத்தில் அமெரிக்கா இரு தரப்பார் மீதும் தடை விதித்தது. இவ்வெரிபொருளை நிரப்பி நெடுநாள் காத்து வைக்க இயலாதாகையால் இது போர்க்கருவிக்கு ஏற்றதன்று என இந்தியா எடுத்துரைத்தும் பயனில்லை. 1993இல் ரஷ்யா நுட்பத்தைத் தரும் பகுதியைக் கைவிட்டது. திருத்திய உடன்பாட்டின்படி ஏழு எஞ்சின்கள் வந்தன. அவற்றைச் செய்யும் வித்தை வரவில்லை.

இதனினும் துயரமானது பின்னர் நிகழ்ந்தது. எஞ்சின் மறைகளை அயலார்க்கு விற்றார் என்னும் குற்றச்சாட்டில் 1994 நவம்பரில் நம்பி நாராயணன் கைதானார். குற்றச்சாட்டு பொய்யென மத்தியப் புலனாய்வுத் துறை 1996இல் அறிவித்தது. அக்கைது தேவையற்றதென்று கூறி, 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. நுட்பமெல்லாம் தாளில் அடங்கிவிடும், அதனைச் சுருட்டி விற்றுவிடலாம் என்னும் பேதைமையும் இவ்வழக்கிற்கு ஒரு காரணம் எனலாம்.

வரைபடம் மட்டும் எஞ்சினாகிவிடுமோ? நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் இந்திய அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் சோதனை செய்தனர். 2010 ஏப்ரலில் ஏவிய முதல் இந்தியக் கடுங்குளிர் எஞ்சின் தோற்றது. 2014 ஜனவரி 5ஆம் நாள் வெற்றி கிட்டியது. 2023இல் சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற ராக்கெட்டின் மேலடுக்கிலும் இந்தியாவில் செய்த கடுங்குளிர் எஞ்சினே இயங்கியது.

இதனால் ஒப்பந்தம் முறிந்தது நன்மையே என்று கொள்ளலாகாது. 1991 உடன்பாட்டிலிருந்து அவ்வெற்றி வரை கழிந்தவை இருபத்து மூன்று ஆண்டுகள். சொல் காக்கப்பட்டிருப்பின் அவற்றுட் சில மிஞ்சியிருக்கும். எனினும் ஒன்று தெளிவு: விற்பவன் தர மறுக்கக்கூடியது பொருள், கற்றவனிடமிருந்து எவரும் திரும்பப் பெற இயலாதது அறிவு.

விடையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது கற்பித்தல் ஆகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் யாம் கேட்ட பாடம். கணக்கைத் தானே போட்டுப் பிழைத்து, அழித்து, மீண்டும் போடும் மாணவனே கணக்கறிவான். நாடுகளுக்கும் அதுவே பாடம்.