விமானத்துக்கு ஒரு கொட்டகை

ஆகாய விமானங்களை நிறுத்திவைக்கும் பெரிய கட்டிடத்துக்கு ‘ஹாங்கர்’ என்று பெயர். இங்கிலீஷில் ‘ஹாங்’ என்றால் தொங்குவது. ஆகவே ஆதியில் விமானங்களை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். சட்டை மாட்டும் ஹாங்கருக்கும் இதற்கும் இங்கிலீஷில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஏமாறுவதற்கு அது போதாதா?

உண்மையில் இது பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சு நாட்டுக் குடியானவன் வண்டியும் கலப்பையும் வைக்கோலும் மழையில் நனையாதிருக்கக் கால் நட்டுக் கூரை போடுகிறானே, அந்தக் கொட்டகைதான் ஹாங்கர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பிகார்டிப் பகுதியில் ஓர் ஊர்ப் பெயராக இது காணப்படுகிறது. அதற்கு முன்னால் போனால் அறிஞர்களுக்குள் சண்டை. ‘வீட்டை அடுத்த அடைப்பு’ என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லே மூலம் என்பது ஒரு கட்சி. குதிரைக்கு லாடம் கட்டும் கொட்டகையைக் குறித்த லத்தீன் சொல் என்பது இன்னொரு கட்சி. தாக்கரே 1852-ல் வெளியிட்ட ‘ஹென்றி எஸ்மண்ட்’ நாவலிலும் ஹாங்கரில் நிற்பது குதிரை வண்டிதான்.

பின் இந்தப் பட்டிக்காட்டுச் சொல் ஆகாயம் ஏறியது எப்படி?

பழைய பலூன்களுக்குக் கொட்டகை தேவைப்படவில்லை. காற்று போன பக்கம் போய், எங்கேயோ இறங்கும். வாயுவை வெளியேற்றி, துணியைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். 1884 ஆகஸ்டு 9-ந் தேதி ரெனார், கிரெப்ஸ் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் ‘லா பிரான்ஸ்’ என்னும் ஆகாயக் கப்பலில் பாரிஸுக்கு அருகே கிளம்பி, இருபத்துமூன்று நிமிஷம் பறந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தார்கள். அதற்கு முன் எந்த ஆகாயக் கப்பலும் அப்படித் திரும்பியதில்லை. வீடு திரும்பும் வண்டிக்கு வீட்டருகே கொட்டகை வேண்டாமா? அதற்கென்று மெதோனில் ஒன்று இருந்தது. 1878-ம் வருஷத்துப் பாரிஸ் பொருட்காட்சியின் இரும்புக் கட்டிடத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியது அது. இன்றும் நிற்கிறது. இறக்கை விமானம் வந்தபோது பெயர் தயாராக இருந்தது.

பாரத பூமியிலும், பிரிவினைக்கு முன், இப்படி ஒன்று எழும்பிற்று. ‘ஆர் 101’ என்ற பிரிட்டிஷ் ஆகாயக் கப்பலுக்காகக் கராச்சியில் பிரம்மாண்டமாகக் கட்டினார்கள். 1930 அக்டோபர் 5-ந் தேதி அதிகாலையில், கராச்சிக்கு வரும் வழியில், அந்தக் கப்பல் பிரான்ஸில் போவே நகரருகே விழுந்து எரிந்தது. ஐம்பத்துநாலு பேரில் நாற்பத்தெட்டுப் பேர் மாண்டார்கள். வராத கப்பலுக்காகப் பல வருஷம் நின்ற அந்தக் கட்டிடத்தைக் கராச்சிவாசிகள் ‘காலா சப்ரா’ என்றார்கள். கறுப்புக் கொட்டகை என்று அர்த்தம்.