புரொஜெக்டர், திரை: வலையமைப்புவழிக் கட்டுப்பாடு

வகுப்பறைகளிலும் கூட்ட அரங்குகளிலும் உள்ள புரொஜெக்டரையும் மோட்டார் திரையையும் கணினி வலையமைப்பின் வழியே இயக்கிக் கண்காணிக்கும் ஏற்பாட்டில் மூன்று உறுப்புகள் உண்டு: சுவரிலோ மேசையிலோ உள்ள தொடுபலகை, கட்டளைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் கட்டுப்பாட்டுக் கருவி, அவற்றை ஏற்று நடக்கும் சாதனங்கள். கிரெஸ்ட்ரான், எக்ஸ்ட்ரான் ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் கருவிகள் இத்துறையில் பரவலானவை.

புரொஜெக்டர்களை இயக்க, 1960இல் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 தொடர் இணைப்பே நெடுங்காலம் பயன்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கட்டளைகளை வைத்திருந்ததால், புரொஜெக்டரை மாற்றினால் நிரலையும் மாற்ற வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாக ஜப்பானிய அலுவலகக் கருவித் தொழில்துறைச் சங்கம் பிஜேலிங்க் என்ற பொது நெறிமுறையை வகுத்தது. இது டிசிபி 4352ஆம் போர்ட்டில் இயங்குகிறது. மின்னிணைப்பு, உள்ளீட்டுத் தேர்வு, படத்தையும் ஒலியையும் மறைத்தல், விளக்கு எரிந்த மணிநேரம் ஆகியவற்றுக்கு இதில் கட்டளைகள் உண்டு.

கட்டளை அனுப்புவதைவிட நிலையைக் கேட்டறிவதே இந்நெறிமுறையின் பெரிய பயன். மின்நிலையைக் கேட்டால் புரொஜெக்டர் ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: 0 காத்திருப்பு, 1 இயக்கம், 2 குளிர்தல், 3 சூடேறுதல். விளக்கு குளிரும்போது ‘இயங்கு’ என்றால் பிழைச்செய்தி வரலாம். அப்போது கட்டளையை ஓயாமல் அனுப்பாமல், நிலை மாறும்வரை காத்திருக்குமாறு நிரல் எழுதப்பட வேண்டும். பழுதுநிலை ஆறு இலக்கங்களாக வரும். விசிறி, விளக்கு, வெப்பம், மூடி, வடிகட்டி, பிற என்ற வரிசையில் 1 எச்சரிக்கை, 2 பழுது. தூசி அடைத்த வடிகட்டியை ஏணி வைத்து ஏறாமலே இதனால் கண்டறியலாம்.

அமைக்கும்போது புரொஜெக்டருக்கு மாறாத ஐபி முகவரி தரப்படுகிறது. பல மாதிரிகளில் சிக்கனக் காத்திருப்பு நிலை வலையமைப்புப் பகுதியையும் அணைத்துவிடும். அணைக்கும் கட்டளைக்குப் பணிந்த கருவி மறுபடி எழாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். காத்திருப்பிலும் வலையமைப்பு இயங்கும் தெரிவை மெனுவில் இயக்கி வைக்க வேண்டும். பிஜேலிங்க் கடவுச்சொல்லுக்கு எம்டி5 முறை பயன்படுகிறது. அது இன்று வலுவானதாகக் கருதப்படுவதில்லை. கட்டளைகளோ மறையாக்கமின்றியே செல்கின்றன. எனவே இச்சாதனங்களைத் தனி விலான் (மெய்நிகர் உள்வலையமைப்பு) ஒன்றில் பிரித்து வைப்பதே சரி.

திரையின் கதை வேறு. சாதாரண மோட்டார் திரை எதையும் திருப்பிச் சொல்வதில்லை. ஏற்றவும் இறக்கவும் தனித்தனி மின்கம்பி. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் பாய்ந்தால் மோட்டார் கெடும். ஆகவே ஒரு ரிலே மூடியிருக்கையில் மற்றது மூடாதபடி இடைப்பூட்டு அமைக்க வேண்டும். இதை நிரலுக்கு மட்டும் விட்டுவிடாமல் கம்பியிணைப்பிலேயே செய்வது பாதுகாப்பு. முனைகளில் மோட்டாரை நிறுத்துவது அதனுள் உள்ள எல்லைச் சுவிட்சு. புரொஜெக்டரின் 12 வோல்ட் வெளியீட்டைக் கொண்டு திரையை இறக்கும் எளிய முறையும் உண்டு. மின்சாரம் ஒரு நொடி போய்வந்தாலும் திரை தானே மேலேறத் தொடங்கலாம் என்பது அதன் குறை.

சுவரில் உள்ள கைச்சுவிட்சை நீக்கிவிடக் கூடாது. அதையும் இடைப்பூட்டுக்கு உட்படுத்தி இணைத்தால், வலையமைப்பு முடங்கிய நாளிலும் திரையை இறக்கலாம்.