பழவேற்காட்டுப் படகு இயந்திரமும் வீட்டு வாசல் பழுதுபார்ப்பும்

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்பகுதியும் பழவேற்காட்டு முகத்துவாரமும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையால் இவ்வூர் வரலாற்று நூல்களில் இடம்பெற்றுவிட்டது. துடுப்பும் பாயும் இருந்த இடத்தில் டீசல் இயந்திரம் வந்ததும், அதைக் குப்பத்து மக்களே பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கோட்டையைவிட இதுவே இன்றைய மீனவர் வாழ்வோடு நெருங்கிய வரலாறு.

இயந்திரம் வந்த கதை

ஏரி ஆழமற்றது. பல இடங்களில் கழி ஊன்றியே படகைத் தள்ளிச் செல்லலாம். எனவே ஏரிக்குள் பாடு முறைப்படி வலை இடுவோருக்கு இயந்திரம் இன்றியமையாத ஒன்றாக இருக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்களின் நிலை வேறு. கட்டுமரத்தில் போனால் காற்றும் நீரோட்டமும் விட்ட வழிதான்.

இந்திய மீன்பிடிப்பில் இயந்திரத்தைப் புகுத்தும் பெரிய முயற்சி 1953இல் கேரளத்தின் நீண்டகரையில், இந்திய–நார்வே திட்டமாகத் தொடங்கியது. சோழமண்டலக் கரைக்கு அந்த அனுபவம் அப்படியே பொருந்தவில்லை. இங்கே துறைமுகங்கள் குறைவு. படகை அலை உடையும் மணற்கரையில்தான் ஏற்ற வேண்டும். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உலக உணவு வேளாண் நிறுவனம் நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டது. மணற்கரையில் ஏற்றக்கூடிய கண்ணாடியிழைப் படகுகளும், அவற்றுக்கேற்ற சிறு டீசல் இயந்திரங்களும் அத்திட்டத்தில் சோதிக்கப்பட்டன.

அங்கே எழுந்த முக்கியமான கேள்வி, இயந்திரத்தை எதனால் குளிர்விப்பது என்பது. கடல்நீரை உறிஞ்சிக் குளிர்விக்கும் இயந்திரம் கரையருகே நீரோடு மணலையும் உறிஞ்சும். பம்பு தேயும், குழாய் அடைக்கும். காற்றால் குளிரும் இயந்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை. டீசலில் தீப்பொறிக் கட்டை இல்லாததால் உப்புச் சாரலில் மின்சாரம் கசிந்து நின்றுபோகும் பயமும் இல்லை. கையாலேயே சுற்றிக் கிளப்பலாம் என்பதால் பேட்டரியும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வழங்கப்பட்டன. கட்டுமரம் வேகமாகக் குறைந்தது. நீண்ட தண்டின் நுனியில் புரொப்பெல்லர் பொருத்திய சிறு டீசல் இயந்திரம் தமிழகக் கரையில் அன்றாடக் காட்சியாயிற்று.

பழுது காணும் முறை

இத்தகைய இயந்திரத்தின் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும். பரப்பு கூடினால் வெப்பம் விரைவில் வெளியேறும் என்று பள்ளியில் கரும்பலகையில் எழுதுகிறோமே, அதேதான் இது. சக்கரத்தோடு சுழலும் விசிறி, தகட்டு உறையின் வழியே காற்றை இந்த இடுக்குகளில் செலுத்துகிறது. எண்ணெய்க் கசிவும் உப்பும் தூசியும் சேர்ந்து இடுக்கில் அடையாகப் படிந்தால் காற்று போகாது. இயந்திரம் சூடேறும், இழுவை குறையும், கடைசியில் பிஸ்டன் இறுகி நின்றுவிடும். இயந்திரம் ஆறிய பின் கம்பித் தூரிகையால் சுரண்டி, நன்னீரால் கழுவித் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம். உறையைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் தவறு. திறந்துவிட்டால் நன்றாகக் குளிரும் என்று தோன்றும். உண்மையில் காற்று வழிமாறிப் போய்விடும்.

புகையின் நிறமும் பேசும். கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம். நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. இயந்திரம் சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது அதில் தண்ணீர் கலந்திருக்கிறது.

அதிகத் தொல்லை தருவது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கேபிள். எஃகுக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடிப்பதால் வெளியே தெரியாது. பழுது எங்கே என்று அறிய, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கேபிளின் நுனியை நெம்புகோலிலிருந்து கழற்ற வேண்டும். பிறகு நெம்புகோலை விரலால் அசைக்க வேண்டும். அது தாராளமாக அசைந்தால் குற்றம் கேபிளில். இறுக்கமாக இருந்தால் குற்றம் இயந்திரப் பக்கம். இதற்கு ஒரு ஸ்பேனர் போதும். இதைச் செய்யாமல் பம்பைப் பிரித்துப் பணத்தைக் கரைத்தவர்கள் உண்டு.

குளிர்நாட்டுக் கார்களிலும் இதே கதைதான், வெப்பத்தின் வேலை மட்டும் அங்கே வேறு. நாம் வெளியே தள்ளும் வெப்பத்தை அவர்கள் காருக்குள் திருப்பிக்கொள்கிறார்கள். காற்றால் குளிரும் ஜெர்மானிய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில், புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று கேபிளால் இயங்கும் தடுப்பு வழியே உள்ளே வரும். பனிக்காலச் சாலைகளில் தூவும் உப்பு அந்தக் கேபிளைத் துருவேற்றும். கேபிளைக் கழற்றித் தடுப்பைக் கையால் அசைத்துப் பார்க்கும் சோதனை அங்கும் செல்லும். ஆனால் அங்கே பழுதானால் பயணி குளிரில் நடுங்குவார்.

பழவேற்காட்டில் விளைவு கொடியது. முகத்துவாரம் மணலால் அடிக்கடி தூர்ந்து குறுகுகிறது. படகு அலைகளுக்கு நடுவே அந்த இடுக்கைத் தாண்ட வேண்டும். அங்கே இயந்திரம் நின்றால் படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை பக்கவாட்டில் அறைந்து கவிழ்க்கும். ஆகவே கேபிளையும் டீசல் வடிகட்டியையும் பார்க்க வேண்டிய இடம் ஏரிக்குள் அமைதியான நீரில்தான், முகத்துவாரத்துக்கு வருமுன். துடுப்பும் படகில் இருக்க வேண்டும்.