காக்கைக் கூட்டில் ஒரு முட்டை: 75 சென்ட் கணக்கின் கதை

எருமப்பட்டி பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டைக் கணக்கு இரண்டு விதமாக வரும். ஒவ்வொரு ஷெட்டிலும் எடுத்ததை எழுதி வைத்த கணக்கு ஒன்று. கடைசியில் ட்ரேக்கு 30 என்று ட்ரேக்களை எண்ணிப் பார்த்த கணக்கு இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஐந்து முட்டை உதைத்தால்? "அஞ்சு முட்டைதானே, விடுப்பா" என்பவர்கள் உண்டு. "அஞ்சு எங்க போச்சு?" என்று திரும்பப் போய்ப் பார்ப்பவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை இரண்டாவது ரகத்து ஆள் ஒருவரைப் பற்றியது.

கம்ப்யூட்டரிலும் இதே இரட்டைக் கணக்கு இருக்கிறது. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே டியூ, டிஎஃப் என்று இரண்டு கட்டளைகள் உண்டு. டியூ ஒவ்வொரு கோப்பாகப் போய் அளந்து கூட்டிச் சொல்லும். டிஎஃப் டிஸ்க்கில் மொத்தம் எவ்வளவு காலி என்று சொல்லும். சில நேரம் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று டிஎஃப் சொல்லும், டியூ கூட்டினால் பாதி கூட வராது. ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் கோப்பை யாராவது அழித்திருந்தால் இப்படி ஆகும். பெயர் போய்விடும், ஆனால் அந்தப் புரோகிராம் மூடும்வரை இடம் மட்டும் திரும்பக் கிடைக்காது. பெரும்பாலும் விஷயம் இவ்வளவு சாதாரணமாகத்தான் முடியும். ஆனால் ஒருமுறை அப்படி முடியவில்லை.

1986 ஆகஸ்ட். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியல் ஆராய்ச்சியாளருக்கு ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோனதால், அதே ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை கொடுத்தார்கள். அங்கே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் நேரத்துக்குப் பணம் வசூலிப்பார்கள். அதற்கு யூனிக்ஸின் கணக்கு ஒன்று, ஆய்வகமே எழுதிக்கொண்ட புரோகிராமின் கணக்கு ஒன்று. இரண்டுக்கும் 75 சென்ட் வித்தியாசம் வந்தது. சில நொடி கம்ப்யூட்டர் நேரம், அவ்வளவுதான். புதிதாக வந்த ஆள் கையில் அதைக் கொடுத்து, ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள்.

கூட்டலில் தவறு இல்லை. 'ஹன்டர்' என்ற பெயரில் ஒரு கணக்கு இருந்தது, பில் அனுப்ப முகவரி இல்லை. அதை நீக்கினார்கள். அடுத்து, இங்கிலாந்துக்குப் போயிருந்த பழைய பயனாளி ஒருவர் பெயரில் யாரோ உள்ளே வந்து போனார்கள். ஸ்டோல் கதவைச் சாத்தவில்லை. ஒரு வார இறுதியில் ஆய்வகத்தில் கிடைத்த பிரிண்டர்களையும் டெர்மினல்களையும் சுமார் 50 எண்ணிக்கையில் திரட்டி, வெளியிலிருந்து வரும் இணைப்புகள் எல்லாவற்றிலும் மாட்டினார். வந்தவன் அடித்த ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் இறங்கியது.

அவன் உள்ளே வந்த வழி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் புரியும். குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும். காக்கை தன் முட்டை என்றே அடைகாக்கும். ஈமேக்ஸ் மென்பொருளில் மின்னஞ்சலை நகர்த்தும் சிறு புரோகிராம் ஒன்றில் ஓட்டை இருந்தது. அதன் வழியாக அவன் தன் போலிப் புரோகிராமைச் சிஸ்டத்தின் சொந்த இடத்தில் வைத்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் வேலை என்பதால் கம்ப்யூட்டரே அதை ஓட்டி, முழு அதிகாரத்தையும் அவனுக்குக் கொடுத்தது. ஸ்டோல் 1989-இல் எழுதிய நூலுக்குக் 'குயில் முட்டை' என்ற பொருளில் பெயர் வைத்தது இதனால்தான்.

அங்கிருந்து அவன் ராணுவக் கம்ப்யூட்டர்களைத் தட்டினான். சுமார் 450 கம்ப்யூட்டர்களை முயன்று, 30-க்கும் மேற்பட்டவற்றில் நுழைந்தான். பல இடங்களில் பாஸ்வேர்ட் மாற்றப்படாமல், தயாரிப்பாளர் வைத்தபடியே இருந்தது. ஸ்டோல் எஃப்.பி.ஐ.-யிடம் போனார். நஷ்டம் ஒரு டாலர் கூட இல்லையே என்று அவர்கள் ஆர்வம் காட்டவில்லை.

தடம் கடைசியில் மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போனது. அங்கே பழைய தொலைபேசி நிலையத்தில் ஆட்கள் கையால் தேடி அழைப்பைக் கண்டுபிடிக்க நெடுநேரம் ஆகும். வந்தவனோ சில நிமிடங்களில் போய்விடுவான். அவனை எப்படி உட்கார வைப்பது? இங்கேதான் டிஸ்க் இடம் ஆயுதமானது. 1987 ஜனவரியில், அமெரிக்காவின் 'நட்சத்திரப் போர்' ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தைப் பற்றியவை போலத் தோன்றும் பொய்க் கோப்புகளை ஸ்டோலும் அவர் தோழியும் எழுதிக் குவித்தார்கள். கோப்பு பெரியதாக இருந்தால் அதை இழுக்க நேரம் பிடிக்கும், அதிலும் அன்றைய மெதுவான இணைப்பில் கேட்கவே வேண்டாம். அவன் ஆசையாக ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்க, ஜெர்மனியில் எண் பிடிபட்டது.

அந்த வருடம் ஜூனில் மார்கஸ் ஹெஸ் என்பவரின் வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது. திருடிய தகவல்கள் சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.-க்கு விற்கப்பட்டது 1989-இல் வெளியே வந்தது. ஹெஸ்ஸும் கூட்டாளிகளும் 1990-இல் தண்டிக்கப்பட்டார்கள், ஆனால் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டதால் சிறை செல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்து, போலீஸிடம் தானாகப் போய் உண்மையைச் சொன்ன கார்ல் கோக் 1989 மே மாதம் 23 வயதில் இறந்துபோனார். 75 சென்ட்டில் தொடங்கிய கதையில் ஒரு பையனின் உயிரும் கணக்கில் சேர்ந்தது.

ஸ்டோல் பாதுகாப்பு நிபுணர் இல்லை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் இருந்தே தீரும் என்று நம்பிய விஞ்ஞானி, அவ்வளவே. இன்றைக்கு டிஸ்க்கில் காரணமே தெரியாமல் இடம் குறைந்தால் செய்ய வேண்டியதும் அதுதான். எந்தக் கோப்பு பெரியது, அது யாருடையது, எப்போது வந்தது என்று கேளுங்கள். நூற்றுக்கு தொண்ணூற்றொன்பது முறை யாரோ அழிக்க மறந்த பழைய குப்பையாகத்தான் இருக்கும். மீதி ஒரு முறைக்காகத்தான் முட்டையை எண்ணுகிறோம்.