ஓல்ட் தம்பதியர்

மட்டக்களப்பு மெதடிஸ்த மிஷனைத் தொடங்கியவர் வண. வில்லியம் ஓல்ட். மனைவியுடன் ஊழியத்துக்குப் புறப்பட்ட இவர், 1814இல் தனியாளாகவே மட்டக்களப்பு வாவிக்கரை வந்துசேர்ந்தார்.

இலங்கை மிஷனைத் திட்டமிட்டவர் தாமஸ் கோக். இரு மனைவியரையும் இழந்து, 66 வயதாகியிருந்த நிலையிலும் சொந்தப் பணத்தைத் தர முன்வந்தார். அம்முதியவரின் உறுதி இன்றி மிஷனரிகளின் இலங்கைப் பயணமே நடந்திராது. 1813 டிசம்பர் இறுதியில் போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பிய குழுவில் ஓல்ட், ஹார்வர்ட் ஆகிய இருவர் மனைவியரோடு சென்றனர். 1814 பெப்ரவரியில் திருமதி ஓல்ட் நோயுற்று இறந்தார். உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. மே 3 காலை, கோக் தம் கப்பல் அறைத் தரையில் உயிரற்றுக் கிடக்கக் காணப்பட்டார். கப்பல் பம்பாயை அடைந்தபின் ஹார்வர்ட் தம்பதியர் அங்கேயே தங்கி, 1815இல் கொழும்பு வந்தனர். மற்றவர்கள் 1814 ஜூன் 29 அன்று காலியில் இறங்கினர். குழுவின் பிற மிஷனரிகளில் லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கும், எர்ஸ்கின் மாத்தறைக்கும் அனுப்பப்பட்டனர், கிளஃப் காலியில் தங்கினார்.

மட்டக்களப்பு வந்த ஓல்ட் தமிழ் கற்றார், பிரசங்கித்தார், பள்ளிகள் திறந்தார். துணையற்ற அம்மாதங்களின் உழைப்பு வியக்கத்தக்கது. புளியந்தீவிலுள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் அவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்ததே. 1815 ஏப்ரல் 1 அன்று மட்டக்களப்பிலேயே காலமானார்.