மாத்திரை போட்டதும் உடம்பு ஏன் நெளியுது? ஒரு 45 வருஷத் தேடல்

1/ உங்க வீட்டுப் பெரியவருக்கு பார்க்கின்சன் நோய். பல வருஷமா லெவோடோபா மாத்திரை எடுக்குறார். இப்போ மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துல தலை, தோள், கை எல்லாம் தன்னால நெளியுது. "மருந்து ஒத்துக்கல, நிறுத்திடலாம்"னு வீட்ல பேச்சு. நிறுத்துறதுக்கு முன்னாடி இந்த இழையைப் படிச்சிடுங்க.

2/ லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதியது 1817-ல். சரியான மருந்து கிடைக்க அதுக்கப்புறம் ஒன்றரை நூற்றாண்டு ஆச்சு.

3/ 1957, ஸ்வீடன். அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். நம்ம நாட்டு சர்ப்பகந்தா வேர்ல இருக்கிற அதே மருந்துதான். முயல்கள் அசையாம முடங்கின. லெவோடோபா ஊசி போட்டதும் எழுந்துடுச்சு!

4/ 1960-ல் வியன்னாவின் ஹார்னிகீவிச், பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் காட்சியாஸ், டோபாவை வாய்வழியா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி அதிக அளவில் கொடுத்தார். முடங்கிக் கிடந்தவங்க நடந்தாங்க.

5/ ஆனா 1969-ல் அவரே இன்னொன்றையும் பதிவு செய்தார்: மருந்தால் வரும் கட்டுப்படாத அசைவுகள். இதுதான் டிஸ்கைனீசியா.

6/ இங்க ஒரு புதிர். டோபமின் நரம்பு செல்கள்தான் அழிஞ்சு போச்சே, அப்போ லெவோடோபாவை டோபமினா மாத்துறது யாரு?

7/ அதுல முக்கியமான ஆள், செரட்டோனின் நரம்பு செல். மாத்துறதுக்கான நொதி அதுகிட்டயும் இருக்கு. ஆனா வெளியே விட்ட டோபமினைத் திரும்ப உறிஞ்சவும், "போதும்"னு உணரவும் அதுக்குத் தெரியாது. மோட்டார் போடத் தெரியும், தொட்டி நிரம்பினா நிறுத்தத் தெரியாது. வழியுற தண்ணிதான் இந்த நெளிவு.

8/ 2007-ல் ஸ்வீடனின் லுண்ட் ஆய்வாளர்கள் இதை எலிகளில் சோதித்தார்கள். செரட்டோனின் நரம்புகளை நீக்கினாலோ, அவற்றின் 1ஏ, 1பி ஏற்பிகளை மருந்தால் தூண்டி அடக்கினாலோ டிஸ்கைனீசியா ஏறக்குறைய நின்றுவிட்டது. அந்த ஏற்பிகள்தான் பிரேக்.

9/ சரி, உயிரோட இருக்கிற மனுஷ மூளைக்குள்ள இதை எப்படிப் பார்ப்பது? பெட் ஸ்கேன். மிகக் குறைந்த கதிரியக்கம் கொண்ட பொருளை ஊசியில் செலுத்தி, அது மூளையில் எங்கே ஒட்டுகிறது என்று படம் பிடிக்கலாம்.

10/ 2010, லண்டன். கருவின் நரம்புத் திசு மூளையில் பொருத்தப்பட்ட இரண்டு பார்க்கின்சன் நோயாளிகள். நோய் நல்லா குறைஞ்சிருந்தது. ஆனா மாத்திரை எடுக்காத நேரத்திலும் உடம்பு நெளிஞ்சது. ஸ்கேன்ல பார்த்தா, திசு வைத்த இடத்தில் செரட்டோனின் நரம்புகள் அளவுக்கு மீறி இருந்தன. 1ஏ ஏற்பியைத் தூண்டும் பஸ்பிரோன் கொடுத்ததும் நெளிவு குறைஞ்சது.

11/ 2014-ல் அதே குழு, லெவோடோபா எடுப்பவர்களைப் பார்த்தது. முன்கூட்டியே பஸ்பிரோன் கொடுத்தப்போ டோபமின் பெருக்கும் குறைஞ்சது, அசைவும் குறைஞ்சது. நெளிவு லேசா இருந்தவங்களுக்கு டோபமின் நல்லா கட்டுப்பட்டது. தீவிரமா இருந்தவங்களுக்கு அந்த அளவு இல்ல.

12/ அப்போ பிரச்சனை தீர்ந்துச்சா? இல்ல. பிரேக்கை ரொம்ப அழுத்தினா லெவோடோபாவின் பலனும் போயிடலாம். இதே வழியில் வந்த சாரிசோட்டான் என்ற மருந்து பெரிய ஆய்வுகளில் தோற்றது. இன்றைக்கு டிஸ்கைனீசியாவுக்கு நாங்க அதிகம் எழுதுற மருந்து அமன்டடின். அது வேலை செய்வது வேறு வழியில்.

13/ நீங்க நினைவில் வைக்க வேண்டியது:
- நெளிவு வந்தா, அது எந்த நேரத்துல வருதுன்னு குறிச்சு வைங்க. முடிஞ்சா வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்க.
- அளவைப் பிரிப்பது, நேரத்தை மாற்றுவது, அமன்டடின் சேர்ப்பது என்று வழிகள் இருக்கு.
- லெவோடோபாவைத் திடீர்னு நிறுத்தாதீங்க. கடும் காய்ச்சல், உடல் இறுக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.
- பஸ்பிரோனை நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க.

அவர் வேணும்னு ஆடல. மருந்து போய்ச் சேர்ந்த இடம் அப்படி. அவரைக் கடிந்துகொள்ளாதீங்க. 🙏