நோட்டனில் யாருக்கு லீவு?

கம்பஸ் லீவு விட்டதும் கொழும்பு நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊருக்கு ட்ரிப் வரவா?" என்பதுதான். கூடவே நாலைந்து படங்கள். பனிமூட்டத்துக்குள் காசல்ரீ நீர்த்தேக்கம், லக்ஷபான நீர்வீழ்ச்சி, பழைய துரை பங்களா ஒன்றின் விறாந்தையில் தேநீர்க் கோப்பை. பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நோட்டன் பிரிட்ஜில் பிறந்து வளர்ந்த நாங்கள் லீவுக்கு வீட்டுக்கு வருவோமே தவிர, இங்கே "ஓய்வெடுக்க" யாரும் வந்ததாக எங்கள் லயத்தில் ஒருவரும் சொன்னதில்லை. பிறகு, இந்த மலை எப்போது ஓய்வுக்கான இடமானது, யாருக்கு ஆனது என்று தேடிப் பார்த்தோம்.

கதை நுவரெலியாவில் தொடங்குகிறது. கீழ்நாட்டின் காய்ச்சலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நொந்துபோன காலம் அது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1829இல் அவர்களுக்கென்று ஓர் ஆரோக்கிய நிலையத்தை அங்கே அமைத்தார். அவர் தனக்கெனக் கட்டிய வீடுதான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. 1847இல் காய்ச்சலிலிருந்து தேறுவதற்காக வந்த சாமுவேல் பேக்கர், குளிரில் மயங்கி, அடுத்த வருஷமே இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, கொல்லன் என்று ஒரு சின்ன ஊரையே கப்பலேற்றி வந்தார். வியட்நாமின் தலாத் நகரமும் இப்படித்தான். 1893இல் யெர்சின் என்ற மருத்துவர் அந்த மேட்டுநிலத்துக்குப் போனார், பிறகு பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் உடம்பு தேறுவதற்காக அங்கே நகரம் அமைத்தார்கள். இன்று உல்லாசப் பயணிகள் "அழகான குளிர் ஊர்" என்று கொண்டாடும் இடங்கள் பலவும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் ஆஸ்பத்திரிகள்.

அதே மலையில், அதே குளிரில், எங்கள் ஆட்கள் கோப்பிக்குக் காடு வெட்டினார்கள். பிறகு தேயிலை நட்டார்கள். 1884இல் ஹட்டனுக்கு ரயில் வந்தது. துரைக்கு அது கொழும்புக்கும் கிளப்புக்கும் போகிற வழி. தொழிலாளிக்கோ தோட்டத்தை விட்டுப் போகக் கங்காணியின் "துண்டு" வேண்டும். அவர் பட்ட கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை ஏற்க அடுத்த தோட்டம் சம்மதித்தால்தான் ஆள் நகரலாம். 1921இல் தான் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். ஓய்வைப் பற்றிய பேச்சுக்கே அங்கே இடம் இருந்திருக்குமா?

ஆனால் ஒரு லீவு இருந்தது. அதன் பெயர் "ஊருக்குப் போறது". அப்பாயி சொல்லும் கதைகளில் அதுதான் பெரிய திருவிழா. கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு, தலைமன்னாருக்கு ரயிலேறி, கப்பலில் அக்கரைக்குப் போய், குலசாமிக்குப் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பி வருவது. திரும்பி வருவது என்பதுதான் முக்கியம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அதே தலைமன்னார், அதே கப்பல். ஆனால் இப்போது ஒருவழிப் பயணம். "ஊருக்குப் போறாங்க" என்று சொன்னால் லயத்தில் ஒப்பாரி கேட்கும் நிலை வந்தது. ஒரு லீவு எப்படி நாடுகடத்தலாக மாறும் என்பதற்கு எங்களுக்கு வேறு உதாரணம் தெரியாது.

நண்பர்கள் மயங்கிய ஏரிகளுக்கும் ஒரு வயது உண்டு. நோட்டன் அணை 1950இல் லக்ஷபான மின் நிலையத்துக்காகக் கட்டியது. காசல்ரீ 1965இல் வந்தது. 60களின் கடைசியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. இயற்கைக் காட்சி என்று நாம் படம் பிடிப்பதெல்லாம் மின்சார சபையின் தண்ணீர்! அந்தத் தண்ணீரின் கரையில் இருந்த துரை பங்களாக்கள் சில இப்போது ஆடம்பர விடுதிகள். பழைய துரைமார் வாழ்க்கையை ஓர் இரவுக்கு வாங்கலாம். காலையில் கட்டிலுக்கே தேநீர் வரும்.

நண்பர்கள் வந்தார்கள். விடுதியில் தங்கக் கையில் காசு இல்லை, எங்கள் காம்பராவிலேயே பாய் விரித்தோம். வந்தது ஞாயிற்றுக்கிழமை. அம்மா கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார். "அடுத்த முறை நீங்களும் எங்களோட வாங்க ஆன்ட்டி" என்று ஒரு தோழி கூப்பிட்டாள். "கிழமை நாளுன்னா பேரு போயிடுமே புள்ள" என்றார் அம்மா, கூடையை இறக்கிக்கொண்டே.

தண்ணீர் வற்றும் மாதங்களில் மவுஸ்ஸாகலையில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். அதைப் பார்க்கச் சனம் குடும்பம் குடும்பமாக வரும். அடுத்த வரட்சியில் அப்பாயியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறோம். கடைத்தெரு எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.